மாசியில் வாருங்கள்

போன வருஷம் ஐப்பசியில் அமெரிக்காவிலிருந்து என் சித்தப்பா மகன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்திருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சேவித்துவிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு, வத்திராயிருப்புப் பக்கம் காரில் போய்க்கொண்டிருந்தோம். மேற்கே மலை. மலைக்கு மேல் மேகம். வழியெல்லாம் நசநசவென்று தூறல்.

கான்சாபுரம் தாண்டும்போது அவன் கேட்டான்: "அண்ணே, இங்க பக்கத்துல இலை கலர் மாறுறதை எங்கண்ணே பாக்கலாம்? பிள்ளைக கேட்டுக்கிட்டே இருக்குதுக. எங்க ஊர்ல இந்நேரம் தெருவே பத்தி எரியிற மாதிரி இருக்கும். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு... இங்க என்னண்ணே, ஒரே பச்சையா இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. டீ குடிக்க இறங்கிய இடத்தில், கூரைக்கு ஒதுங்கி நின்ற ஒரு பெரியவரிடமே கேட்டேன். தலையில் துண்டு, முழங்கால் வரை சேறு. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இலை உதிர்றதா? இப்பத்தானய்யா மழையே எறங்கிருக்கு. முளைக்கிற நேரத்துல வந்து உதிர்றதைக் கேக்கீகளே! அதுக்கு மாசியில வாங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் காரில் ஏறிய பிறகு சிரிப்பு வரவில்லை. கேள்வி கேட்டவன் பத்து வருஷமாக வெளிநாட்டில் இருப்பவன், அவனை விடுங்கள். எனக்கு ஏன் பதில் தெரியவில்லை? ஐம்பது வருஷமாக இந்த மண்ணில் சோறு தின்கிறேன். இங்கே மரம் எப்போது இலை உதிர்க்கும் என்று கேட்டால், ஒரு டீக்கடை வாசலில் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

உங்களுக்குத் தெரியுமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

*

தெரியாது. ஏனென்றால் நமக்குச் சொல்லிக் கொடுத்தது வேறு. எல்.கே.ஜி வகுப்புச் சுவரில் ஒரு படம் தொங்கும். நான்கு கட்டம், நான்கு பருவம். வசந்தத்தில் பூ, கோடையில் சூரியன், மூன்றாவது கட்டத்தில் செக்கச் செவேலென்று இலை கொட்டுகிற ஒரு மரம், நான்காவதில் பனிமனிதன். விருதுநகர் மாவட்டத்து வெயிலில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகள் பனிமனிதனுக்கு கேரட் மூக்கு வரைகின்றன.

என் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒரு பரீட்சையில், அக்டோபரில் மழைக்காலம் வரும் என்று எழுதியது. வெளியே கொட்டுகிற மழையைப் பார்த்துத்தான் எழுதியது. தப்பு என்று போட்டு ஒரு மார்க் குறைத்துவிட்டார்கள். புத்தகத்தில் இலையுதிர் காலம் என்று இருக்கிறதாம். வானம் சொன்னது தப்பு, அச்சுக்கூடம் சொன்னது சரி!

தமிழனுக்குப் பருவம் ஆறு. ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். இதில் இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. அந்த வார்த்தையே மொழிபெயர்ப்பில் வந்து குடியேறியது. நம் வானிலைத் துறையும் ஆண்டை நான்காகத்தான் பிரிக்கிறது: குளிர்காலம், மழைக்கு முந்தைய கோடை, தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை. அங்கேயும் சிவப்பு இலை கொட்டும் காலம் என்று எதுவும் இல்லை.

அப்படியானால் நம் மரங்கள் இலை உதிர்ப்பதே இல்லையா? நன்றாக உதிர்க்கின்றன. நேரம்தான் வேறு. குளிர் நாடுகளில் பகல் குறுகிக் குளிர் நெருங்கும்போது மரம் கடையைக் கட்டும். இங்கே குளிருக்குப் பயப்பட என்ன இருக்கிறது? இங்கே பயம் தண்ணீருக்கு. கார்த்திகையோடு மழை ஓய்ந்து, தை போய், நிலத்தின் ஈரம் வற்றும்போது மரம் கணக்குப் பார்க்கிறது. இத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று முடிவு செய்கிறது. இலையில் இருக்கும் சத்தில் முடிந்ததைத் தண்டுக்கு இழுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைகிறது. அதுவரை அதன் பின்னால் மறைந்திருந்த மஞ்சள் வெளியே வருகிறது. சில மரங்களில் சிவப்பு புதிதாகச் சுரக்கிறது. கடைசியில் காம்பின் அடியில் ஒரு தடுப்பு விழுந்து, காற்று தொட்டால் போதும், இலை கழன்றுவிடுகிறது. அங்கே நடக்கிற அதே வேலைதான், ஐப்பசிக்குப் பதிலாக மாசியில்.

பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. பாலைத் திணைக்கு நடுக்கோடையை மட்டும் பொழுதாகச் சொல்லாமல், பின்பனியும் உரியது என்று தொல்காப்பியம் சேர்த்துச் சொல்கிறது. மரங்கள் மொட்டையாகி நிற்கும் அந்த மாசி, பங்குனியைப் பார்த்தவன்தான் அப்படி எழுத முடியும். ஆண்டாளும் அப்படித்தான். கார்காலத்தில் பூக்கும் பூக்களைக் கூப்பிட்டு வைத்துப் பேச ஒரு பதிகமே நாச்சியார் திருமொழியில் இருக்கிறது. எந்த மாதத்தில் எது பூக்கும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. நந்தவனத்தில் வளர்ந்தவள் அல்லவா! நாம் சுவர்ப் படத்தில் வளர்ந்தவர்கள்.

*

இலை பார்க்கப் போவது வெட்டி வேலை என்று சொல்ல வரவில்லை. ஜப்பான்காரன் அதை ஒரு திருவிழாவாகவே வைத்திருக்கிறான். வடக்கே ஹொக்கைடோவில் தொடங்கித் தெற்கே இறங்கும் இலைச் சிவப்பு எந்த ஊருக்கு எந்தத் தேதியில் வரும் என்று மழைச் செய்தி மாதிரி முன்னறிவிப்பு போடுகிறார்கள். காஷ்மீரில் சினார் மரத்தை அனுமதியில்லாமல் வெட்ட முடியாது, சட்டம் இருக்கிறது. 2025-ல் ஆயிரக்கணக்கான சினார் மரங்களுக்கு அடையாள எண்ணும் கியூஆர் கோடும் மாட்டினார்கள். வயசு, சுற்றளவு எல்லாம் கணக்கில் இருக்கிறது.

நம்மூரிலும் ரோட்டோரப் புளியமரத்துக்குப் பெயின்ட்டில் எண் போடுவார்கள். எதற்கு? ஒன்று புளி ஏலத்துக்கு, இல்லாவிட்டால் கோடரிக்கு.

அதுதான் என் கோபம். அக்டோபர் வந்தால் பேப்பரில் முழுப்பக்க விளம்பரம்: ஆறு நாள் ஏழு இரவு, இலையுதிர் காலச் சிறப்புச் சுற்றுலா. லட்ச ரூபாய்க்கு மேல் கட்டிப் போய், அங்கே ஒரு மஞ்சள் இலையைப் பொறுக்கி, புத்தகத்துக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டு வருகிறோம். அதே ஆள் மாசி மாதம் காலையில் தன் வீட்டு வாசலில் விழுந்து கிடக்கும் பூவரச இலையைப் பார்த்து, "சே, ஒரே குப்பை! இந்த மரத்தை வெட்டித் தொலைச்சா என்ன?" என்கிறார். அங்கே விழுந்தால் அழகு. இங்கே விழுந்தால் குப்பை. இலை ஒன்றுதான், சார். விமானக் கட்டணம்தான் வித்தியாசம்.

*

சரி, இங்கே என்ன பெரிதாக இருக்கிறது என்கிறீர்களா? சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் தெரு. சென்னையோ மதுரையோ ராஜபாளையமோ, எங்கேயாவது ஒரு வாதாம் மரம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் கொட்டையை உடைத்துத் தின்றோமே, அந்த மரம். தையிலும் மாசியிலும் அதன் இலை ஒவ்வொன்றும் செம்பருத்தி நிறத்துக்கு வந்துதான் விழும். எந்த மேப்பிள் மரத்துக்கும் அது இளைத்ததில்லை. ஒரு நாள் நின்று பார்த்திருக்கிறீர்களா?

அடுத்தது அரசமரம். பிள்ளையாரைச் சுற்றுகிற அவசரத்தில் நாம் அண்ணாந்து பார்ப்பதில்லை. பழைய இலையைக் கொட்டிவிட்டு, செம்பும் ரோஜாவும் கலந்த நிறத்தில் தளதளவென்று புதுத்தளிர் விடும். வெயிலை எதிரே வைத்துப் பார்த்தால் மரம் முழுக்க விளக்கு ஏற்றிய மாதிரி இருக்கும். பங்குனியில் வேம்பும் அப்படித்தான். இலுப்பை சிவந்து துளிர்க்கும். புங்கன் ஒரு வாரம் மொட்டையாக நின்றுவிட்டு, கண் கூசும் பச்சையில் திரும்பி வரும்.

இது நமக்கு மட்டும் கிடைத்த உபரிச் சீதனம். குளிர் நாட்டு மரம் இலையைக் கொட்டிவிட்டு மாதக்கணக்கில் எலும்புக்கூடாக நிற்கும். நம் மரங்களில் பலவற்றுக்கு உதிர்வதும் துளிர்ப்பதும் அடுத்தடுத்து. அங்கே சாகிற இலைதான் சிவப்பு. இங்கே பிறக்கிற இலையும் சிவப்பு! அந்தச் சிவப்பு, இளம் இலையைக் கடும் வெயிலிலிருந்தும் பூச்சியிடமிருந்தும் காப்பாற்றுகிறது என்கிறார்கள் தாவர ஆய்வாளர்கள். நம் பெண்களுக்கு அது முன்பே தெரியும். ஜவுளிக்கடையில் "மாந்தளிர் கலர்ல எடுத்துப் போடுங்க" என்று கேட்கிறார்களே, அது வேறு என்ன?

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயில் போகும் பாதையில் மாந்தோப்புகள் உண்டு. அந்த மாந்தளிர் நிறத்தை மரத்திலேயே பார்க்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்பு போகும் வழி இன்னொன்று. மூன்றாவது, நாங்கள் போன அதே வத்திராயிருப்பு, கான்சாபுரம், கூமாப்பட்டிப் பக்கம். முன்னால் வயல், நடுவில் தென்னை, பின்னால் சுவர் வைத்த மாதிரி மேற்குத் தொடர்ச்சி மலை. மலை மேற்கே இருப்பதால் மாலையில் போகாதீர்கள். சூரியன் மலைக்குப் பின்னால் விழுந்து எல்லாம் கருப்பாகத் தெரியும். விடிந்த ஒரு மணி நேரம்தான் சரியான நேரம். கிழக்கு வெயில் நேராகச் சரிவில் அடிக்கும். மாசியில் அடிவாரக் காடு பழுப்பும் மஞ்சளும் துருவேறிய சிவப்புமாக இருக்கும். உச்சியில் சோலைகள் கரும்பச்சை. ஓடை இறங்கும் கோடுகளில் மட்டும் பச்சை விடாமல் ஓடும். இலை இல்லாத இலவ மரம் உச்சி முழுக்கச் சிவப்புப் பூவோடு நிற்கும். நரை அணில் என்கிற சாம்பல் நிற மலை அணில், மரம் மாறி மரம் தாவிப் போவது அந்த ஓடைக்கரைப் பச்சையில்தான். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பிராணி. அதற்காகத்தான் 1988-ல் இங்கே சரணாலயம் அமைத்தார்கள். 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். பரப்பு 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேல்.

*

இங்கே ஒரு வாசகர் குறுக்கிடுவார், எனக்குக் கேட்கிறது. "ஏன் சார், இருக்கிற கூட்டம் போதாதா? நீங்களும் எழுதி, எல்லாரும் கிளம்பி, காட்டை நாசம் பண்ணவா?"

நியாயமான கேள்வி. 2025-ல் கூமாப்பட்டியை ரீல்ஸில் பார்த்துவிட்டு ஊர் ஊராகக் கிளம்பி வந்தார்கள். அது ஆனி மாதம். எந்த மாதத்தில் என்ன இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை, வண்டியை எடுத்தார்கள். அணைப் பக்கம் அனுமதி இல்லை என்றதும் "ஏமாத்திட்டாங்க" என்று திரும்பினார்கள். ஊர் ஏமாற்றவில்லை, ஐயா. பருவம் தெரியாமல் போனால் எந்த ஊரும் ஏமாற்றத்தான் செய்யும்.

நான் காட்டுக்குள் போகச் சொல்லவில்லை. போகவே கூடாது என்கிறேன். மாசி, பங்குனிதான் காட்டுத் தீயின் காலம். இலை உதிர்கிற காலமும் தீப்பிடிக்கிற காலமும் ஒன்றேதான். 2018 மார்ச் 11-ஆம் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்லிலும் சருகிலும் பரவிய தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயதினர். அன்று மாசிக் கடைசி. காடு அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் சின்ன வயசிலிருந்தே தெரிந்த விஷயமாக இருந்திருந்தால், அவர்களில் சிலராவது அந்த வாரம் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்களா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சுவர்ப் படத்து நான்கு கட்டம் அவர்களுக்கு எந்த எச்சரிக்கையையும் தரவில்லை என்பது உறுதி. பருவம் தெரிவது வெறும் ரசனைச் சமாசாரம் இல்லை.

ஆகவே கண்மாய்க் கரையில் நில்லுங்கள். ரோட்டோரம் நில்லுங்கள். மலை எங்கேயும் ஓடிப்போகாது, தூரத்திலிருந்தே தெரியும். தீக்காலத்தில் வனத்துறை வழியை மூடினால் சண்டை போடாதீர்கள். பீடியை அணைக்காமல் போடுகிறவனோடு சண்டை போடுங்கள்.

*

கடைசியாக ஒன்று. அழகைவிட முக்கியமானது.

நகரத்தில் மாசி, பங்குனி காலையில் ஆறு மணிக்கு வெளியே வந்தால் முதலில் வருவது புகை வாசனை. தெருமுனையில் சருகைக் கூட்டிக் குவித்துத் தீ வைத்திருப்பார்கள். பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரியும். பக்கத்து வீட்டில் ஆஸ்துமாக்காரர் ஜன்னலைச் சாத்துவார். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே தெருவில் இப்படி எரிக்கக் கூடாது, தோட்டக் கழிவைத் தனியாகச் சேர்க்க வேண்டும் என்றன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று உத்தரவு போட்டது. உங்கள் தெருவில் யாராவது கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் கூட்டுகிற அக்காவிடம் கேட்டேன், "ஏன்க்கா எரிக்கிறீங்க?" என்று. "வேற என்ன தம்பி பண்ணச் சொல்றீக? வண்டி பத்து மணிக்கு வந்துட்டுப் போயிரும். எலயை ஏத்த மாட்டேங்கான். எரிக்கலைன்னா எனக்கு ஏச்சு. நாளைக்கு இதே அளவு மறுபடி கெடக்கும்." அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு துடைப்பத்தையும் இரண்டு கையையும் கொடுத்து, மூன்று தெருவை ஒப்படைத்து, சருகு போட ஒரு குழிகூட வெட்டித் தராத ஏற்பாட்டைத்தான் குறை சொல்ல வேண்டும். சருகு கிடந்தால் தேள் வரும், பாம்பு வரும் என்கிறவர்களுக்கும் பதில் இதுதான். வாசலில் போட்டு வைக்க வேண்டாம். தெருவுக்கு ஒரு மூலையில் ஒரு குழி. ஒரு மழைக்காலம் போனால் அத்தனையும் உரம்.

இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவும் வேண்டாம். பூவரசு, புங்கன், கொழிஞ்சி, ஆவாரை என்று தழையை வண்டி கட்டிக் கொண்டுவந்து வயலில் மிதித்த ஜனம் இது. கோயிலில் சருகுத் தொன்னையில் பிரசாதம் வாங்கிய கை இது. கொழுந்து, துளிர், தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஒரே இலைக்கு வயசு வாரியாக ஆறு பெயர் வைத்த மொழி. ஏழாவதாக நாம் வைத்த பெயர் குப்பை.

காட்டிலும் இதே கதைதான். ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் இந்த மலையின் காலடியில்தான் இருக்கிறது. மழை நேராக மொட்டைப் பாறையில் விழுந்தால் அரை நாளில் வெள்ளமாக ஓடிவிடும். சருகு மெத்தையில் விழுந்தால் மண்ணுக்குள் இறங்கி, மெல்ல மெல்லக் கசிந்து, ஓடையாக வரும். மாசியில் உதிர்ந்த இலைதான் ஐப்பசி மழையைப் பிடித்து வைக்கிறது. பெரியவர் சொன்னதும் என் தம்பி கேட்டதும் ஒரே இலையின் இரண்டு பக்கம். மாசியில் சருகு எரிந்தால் உங்கள் குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

கான்சாபுரம் என்ற பெயர் 1764-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபு யூசுப்கானிடமிருந்து வந்தது என்று சொல்வார்கள். இருக்கட்டும். ஆனால் தமிழில் கான் என்றால் காடு. பெயரைப் பிரித்துப் படித்தால் 'கான் சா' என்று வருகிறது. ஒரு நாள் அந்த அர்த்தத்தில் யாரும் அந்தப் பெயரைப் படிக்கும்படி ஆகிவிடக் கூடாது.

நான் கேட்பது மூன்றே விஷயம். பள்ளிக்கூடச் சுவரில் அந்த நான்கு கட்டத்துக்குப் பக்கத்தில் நம் ஆறு பருவத்தையும் ஒட்டுங்கள், மாசிக் கட்டத்தில் ஒரு வாதாம் மரம் வரையுங்கள். நகராட்சி, மாநகராட்சிகளே, வார்டுக்கு ஒரு சருகுக் குழி வெட்டுங்கள், கூட்டுகிறவர் கையில் தீப்பெட்டி இருக்க வேண்டிய அவசியத்தை ஒழியுங்கள். மூன்றாவது உங்களுக்கு. வருகிற மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்குங்கள். விழுந்த ஒரு சிவப்பு வாதாம் இலையை எடுத்து அதன் கையில் கொடுங்கள். எந்த மரம், எந்த மாதம், ஏன் விழுந்தது என்று சொல்லுங்கள்.

தம்பிக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன், அடுத்த தடவை மாசியில் வா என்று. "லீவு கிடைக்காதுண்ணே" என்கிறான். அவனுக்கு லீவு கிடைக்காது, சரி. உள்ளூரில் இருக்கும் நமக்கு என்ன கேடு?